சாம்பிராணித் திராட்சையும் பன்னீர்த் திராட்சையும்



புதுக்கோட்டையில் கூடியுள்ள தமிழ் அவையொன்றில் ருமேனிய நாட்டுத் திராட்சையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்னும் வினா எழுவது இயல்பே. இம்மாவட்டம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நீரை நம்பி நெல்லும், செம்மண்ணை நம்பி முந்திரியும் விளையும் நிலம். திராட்சைப் பந்தலைக் காண வேண்டுமாயின் மேற்கே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு வரை செல்ல வேண்டும். ருமேனியாவோ கருங்கடலின் மேற்குக் கரையில் உள்ளது. எனினும், மணத்துக்குப் பெயரிடுதல் என்னும் செயலில் அந்நாட்டு மொழியும் தமிழும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. பெயரிடுதல் கவிஞர்களின் தொழில். ஆதலின் இப்பொருள் கவிஞர் அவைக்கு அயலானதன்று.

அத்திராட்சையின் பெயர் தமியோவாசா ரொமனியாஸ்கா. 'தமியே' என்பது ருமேனிய மொழியில் தேவாலயத்தில் புகைக்கும் நறும்பிசினைக் குறிக்கும் சொல். கிரேக்க மூலத்திலிருந்து வந்தது. அச்சொல்லடியாகப் பிறந்த பெயருக்குச் சாம்பிராணி மணம் உடையது என்பது பொருள். முழுப் பெயரையும் தமிழாக்கினால் 'ருமேனியச் சாம்பிராணித் திராட்சை' என்றாகும். கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பன்னீர்த் திராட்சை. ஒருவர் சாம்பிராணி என்றார்; மற்றவர் பன்னீர் என்றார். இவ்விரு பெயர்களுக்கும் இடையே உள்ள உறவே இவ்வுரையின் பொருள்.

கொடியும் அதன் மதுவும்

தமியோவாசா, மஸ்கட் எனப்படும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூத்த உறுப்பாகிய சிறுமணி வெள்ளை மஸ்கட்டின் ருமேனிய வடிவமாகவே இது கொள்ளப்படுகிறது. திராட்சைக் கொடியை விதையிட்டு வளர்ப்பதில்லை. விதையில் பிறப்பது தாயை ஒத்திராது. ஆகவே கொடித்துண்டை வெட்டி நட்டே பரப்புவர். இதனால் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த கொடி, துண்டு துண்டாக இடம் பெயர்ந்து இன்றும் அதே கொடியாக வாழ்கிறது. ஏடு பெயர்த்து எழுதப்பட்டு நிலைத்த பழம்பாட்டைப் போன்றது அதன் வாழ்வு. பெயர்த்தெழுதும்போது பாடபேதம் நேர்வது போலக் கொடியிலும் சிறு சிறு மாறுதல்கள் நேர்வதுண்டு.

ருமேனியாவில் இக்கொடிக்குப் பெயர்பெற்ற இடங்கள் சில. புஸாவ் மாவட்டத்துப் பியெத்ரோவாசா அவற்றுள் ஒன்று. அங்கே 1893இல் திராட்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. தென்மேற்கில் திரகஷான் மற்றொன்று. வடகிழக்கில் மொல்தாவியப் பகுதியைச் சேர்ந்த கொட்னாரி இன்னொன்று. கொட்னாரி மது 1457 முதல் 1504 வரை மொல்தாவியாவை ஆண்ட பேரரசர் ஸ்டீபனின் பெயரோடு சேர்த்துப் போற்றப்படுவது. அங்கே மரபாக நான்கு வகைத் திராட்சைகளைச் சேர்த்து மது செய்வர். கிராசா அதற்கு இனிமையும் திண்மையும் தரும். ஃபிரன்குஷா புளிப்புத் தரும். வெள்ளை ஃபெத்தியாஸ்கா மென்மை தரும். தமியோவாசா மணம் தரும். நால்வர் கூடிப் பாடும் பாட்டில் மணம் ஒருவர் பொறுப்பாக விடப்பட்டுள்ளது.

பழம் வெளிர்மஞ்சள் நிறத்தது. நன்கு முற்றினால் வெயில் படும் பக்கம் பொன்னிறம் ஏறும். இனிய மது வேண்டுவோர் பழத்தை உடனே பறிப்பதில்லை. இலையுதிர் காலம் முதிரும் வரை கொடியிலேயே விட்டுவைப்பர். பழத்தின் நீர் வற்றும்; சருக்கரை செறியும். பின்னர்ப் பிழிந்து புளிக்க வைத்தால் நுரைமங்கள் சருக்கரை முழுவதையும் சாராயமாக மாற்ற இயலாமல் ஓய்ந்துவிடும், அல்லது மது செய்வோர் குளிரூட்டி அவற்றை ஓயச் செய்வர். எஞ்சும் சருக்கரையே மதுவின் இனிமை. அதனைச் சுவைத்தோர் ரோசா இதழ், தேன், துளசியின் உறவான திருநீற்றுப்பச்சை ஆகியவற்றின் மணத்தைக் குறிப்பிடுவர். இன்று இனிமை குறைந்த மதுவும் இதிலிருந்து செய்யப்படுகிறது.

மஸ்கட் குடும்பத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெரும்பாலான திராட்சைகள் மதுவாகும்போது பழத்தின் மணத்தை இழந்து வேறு மணம் கொள்ளும். மஸ்கட்டோ மதுவான பின்னும் பழமாகவே மணக்கும். லினலூல், ஜெரானியால், நெரால் முதலிய மணப்பொருள்கள் அதில் மிகுந்திருப்பதே காரணம். இவற்றுள் ஜெரானியால் ரோசாவின் மணத்திலும் உள்ளது. லினலூல் திருநீற்றுப்பச்சையின் மணத்திலும் உள்ளது. ஆதலின் ரோசா என்றும் திருநீற்றுப்பச்சை என்றும் மாந்தர் சொன்னவை வெறுங்கற்பனை அல்ல. ஆய்வுக்கூடம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மூக்கு உண்மையைக் கண்டுவிட்டது. நாவு அதற்குப் பெயரிட்டுவிட்டது.

பெயர் வைத்த வகை

மஸ்கட் என்னும் குடும்பப் பெயரே மணத்தால் வந்தது. கஸ்தூரியைக் குறிக்கும் மேலைச் சொல்லோடு அதனை இணைப்பதே பெருவழக்கு. ஈயைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லோடு இணைப்பாரும் உண்டு. இனிய பழத்தை ஈ மொய்க்கும் என்பது அவர் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, தேனீக்கள் விரும்புவதால் தேனீயின் பெயர் பெற்ற திராட்சை ஒன்றைக் குறிக்கிறார். அது மஸ்கட்டின் முன்னோராக இருக்கலாம் எனக் கருதுவோர் பலர்.

ருமேனியர் இக்குடும்பப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டு நின்றுவிடவில்லை. வெண்பழத்துக்குச் சாம்பிராணியின் பெயரை வைத்தனர். இளஞ்சிவப்புப் பழம் தரும் மற்றொரு மஸ்கட்டுக்குப் புசுயோவாகா என்று பெயர் வைத்தனர். 'புசுயோக்' என்பது அவர் மொழியில் திருநீற்றுப்பச்சை. கிழக்கு ருமேனியாவின் பொஹோதின் என்னும் ஊர் அப்பழத்துக்குப் புகழ்பெற்றது. இவ்விரு பெயர்களும் வந்த இடம் எது என்பதே கருதத்தக்கது. ருமேனிய மக்களுட் பெரும்பாலோர் கீழைத் திருச்சபையினர். அவர்தம் ஆலயத்தில் சாம்பிராணி புகையும். குருவானவர் திருநீற்றுப்பச்சைக் கொத்தைப் புனித நீரில் நனைத்து மக்கள்மேல் தெளிப்பார். உழவன் ஞாயிறுதோறும் நுகர்ந்த மணமே அவன் தோட்டத்துப் பழத்துக்குப் பெயராயிற்று.

தமிழரும் இதையே செய்தனர். கம்பம் பள்ளத்தாக்கின் கருநீலப் பழத்தை வாயிலிட்டபோது அவர்க்கு நினைவு வந்தது திருமண வாயிலில் பன்னீர்ச்செம்பு, திருக்கோயிலில் அபிடேகம். பன்னீர் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. ரோசாப்பூவும் அதன் வடிநீரும் பிற நாட்டிலிருந்து தமிழகம் வந்தவை. வந்த நறுநீருக்குப் பனி, நீர் என்னும் இரு தமிழ்ச்சொற்களைக் கூட்டிப் பன்னீர் என்று பெயர் வைத்தனர் என்பர். பின்னர் அயல்நாட்டுக் கொடியொன்று வந்தது. அதற்கு அந்தப் பன்னீரின் பெயரை வைத்தனர். முதலில் வந்த விருந்தாளி வீட்டாராகி, அடுத்து வந்த விருந்தாளிக்குத் தன் பெயரைக் கொடுத்த கதை இது.

இம்மாவட்டத்தாருக்கு அண்மையிலேயே இத்தகைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தமிழில் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பெயர் வழங்கிற்று. முந்திரிகை என்றும் சொல்வர். யாழ்ப்பாணத் தமிழர் வழக்கில் முந்திரிகை என்பது திராட்சையே. பிரேசில் நாட்டு மரமொன்றைப் போர்த்துகீசியர் கொணர்ந்தபோது அதன் பருப்புக்குக் கொட்டைமுந்திரி என்று பெயராயிற்று. இன்று ஆதனக்கோட்டைச் சாலையோரத்தில் வறுபடும் மணத்தைக் காற்றில் விடும் முந்திரி, பெயரளவில் திராட்சைக்கு உடன்பிறப்பு.

பேத்தியும் பாட்டியும்

பெயரளவில் மட்டுமன்றிக் குருதியளவிலும் சாம்பிராணித் திராட்சைக்கும் பன்னீர்த் திராட்சைக்கும் உறவுண்டு. பன்னீர்த் திராட்சை என்பது ஹாம்பர்க் மஸ்கட் என்று உலகம் வழங்கும் வகை. மரபணு ஆய்வுகள் அதன் பெற்றோரைக் கண்டறிந்துள்ளன. ஸ்கியாவா குரோசா என்னும் கரும்பழக் கொடி ஒரு பெற்றோர்; அலெக்சாந்திரிய மஸ்கட் மற்றொரு பெற்றோர். அலெக்சாந்திரிய மஸ்கட்டின் பெற்றோருள் ஒன்று சிறுமணி வெள்ளை மஸ்கட். தமியோவாசா அந்தச் சிறுமணி மஸ்கட்டின் ருமேனிய வடிவம் எனின், கம்பத்துப் பன்னீர்த் திராட்சை அதற்குப் பேத்தி முறை ஆகிறது. பாட்டியின் மணத்தை ஒரு மொழி சாம்பிராணி என்றது. பேத்தியின் மணத்தை மற்றொரு மொழி பன்னீர் என்றது. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமலே வழிபாட்டிடத்தை நோக்கிச் சென்று பெயர் எடுத்து வந்தனர்.

பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோதும் இச்செய்தி எடுத்துரைக்கப்பட்டது. ஆனால் ஹாம்பர்க் மஸ்கட் என்னும் வகை இங்கிலாந்தில் பெயர்பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். ஆகவே பாதிரியார் முதலில் கொணர்ந்தது வேறொரு மஸ்கட்டாகவும், பின்னர் வந்த கொடி அதன் இடத்தைப் பிடித்ததாகவும் இருத்தல் கூடும். பாதிரியார் கொணர்ந்தார் என்பதில் வியப்பில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சையிலிருந்தே செய்த மது வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். கொடி சென்ற வழியும் சிலுவை சென்ற வழியும் பல நாடுகளில் ஒன்றே. இம்மாவட்டத்து ஆவூரில் வீரமாமுனிவர் பணிபுரிந்தார் என்பதை இவ்வவை அறியும். தேம்பாவணி பாடிய அப்புலவரின் பலிபீடத்திலும் திராட்சை இரசமும் நறும்புகையும் ஒருங்கே இருந்திருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ருமேனியாவில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். ஆண்டுக்கு ஒரு விளைச்சலே. கம்பத்தில் உழவர் கவாத்துச் செய்யும் நாளே கொடிக்கு இளவேனில். வெவ்வேறு தோட்டத்தில் வெவ்வேறு நாளில் கவாத்துச் செய்வதால் சந்தையில் பழம் அறுவதில்லை. பெரும்பகுதி உண்ணும் பழமாகவே விற்கிறது. ஆயினும் கொட்டையும் தடித்த தோலும் உடைய பன்னீர்ப் பழம், கொட்டையில்லாப் பழங்களோடு போட்டியிட வேண்டியுள்ளது. கடையில் பழத்தை எடுப்பவர் கண்ணால் பார்க்கிறார். மணத்தை நுகர்ந்து வாங்குவோர் சிலரே. பன்னீரின் பெயரே பல நேரங்களில் அதற்குத் துணை.

யவனர் மதுவும் கருக்காக்குறிச்சிப் பொன்னும்

மேலை நாட்டுத் திராட்சை மது தமிழகம் வந்தது முதன்முறையாகப் பாதிரியார் காலத்திலன்று. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர் பாடுகிறார். யவனர் கொணர்ந்த மதுவை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, அதனை நாளும் பருகி இன்புறுமாறு அரசனை வாழ்த்துகிறார். அம்மதுவுக்கு நக்கீரர் தரும் அடைமொழிகள் இரண்டு: ஒன்று அதன் குளிர்ச்சி, மற்றொன்று அதன் மணம். அது எவ்வளவு மயக்கும் என்பது அங்கே பேச்சில்லை. கடல் கடந்து வந்த அயற்பொருளைத் தமிழ்ப் புலவர் மூக்கால் அறிந்து பாட்டில் ஏற்றினார்.

பிற சான்றுகளும் இதனோடு ஒத்து நிற்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூல், முசிறிப் பக்கம் இறக்குமதியான பொருள்களைப் பட்டியலிடுகையில் மதுவையும் சேர்த்து, அது மிகுதியன்று என்றும் குறிக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் மது வந்த இருகைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுட் பல கோஸ் தீவுப் பாணியின. கோஸ் மது, கடல்நீர் கலந்து செய்யப்படுவது. அக்காலத்துச் சாடிகளின் உட்புறத்தில் கசியாதிருக்க மரப்பிசின் பூசுவதும் வழக்கம். ஆதலின் தமிழகத் துறையில் இறங்கிய மதுவில் பிசின் மணமும் ஓரளவு கலந்திருக்கும். சாம்பிராணியும் மரப்பிசினே என்பது ஈண்டு நினையத்தக்கது.

அந்த வணிகத்தின் மறுபக்கம் இம்மாவட்டத்து மண்ணிலேயே கிடைத்தது. 1898இல், புதுக்கோட்டை தனியரசாக இருந்த காலத்தில், ஆலங்குடி வட்டாரத்துக் கருக்காக்குறிச்சியில் ரோமானியப் பொற்காசுகள் 501 கண்டெடுக்கப்பட்டன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர் காலத்துக் காசுகள் அவை. பலவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. பொன் இங்கே வந்தது. மிளகும் முத்தும் துகிலும் அங்கே சென்றன. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் செல்கிறது என்று பிளினி வருந்தி எழுதியதும் அந்நூற்றாண்டிலேதான்.

சாம்பிராணித் திராட்சையின் ஊரும் ஒரு பொற்புதையலால் பெயர்பெற்றது. 1837இல் பியெத்ரோவாசா மலைச்சரிவில் கல்லெடுத்த உழவர் இருவர் கோத்தர் காலத்துப் பொற்கலங்களைக் கண்டனர். ருமேனியர் அப்புதையலைத் தாய்க்கோழியும் பொற்குஞ்சுகளும் என்று அழைக்கின்றனர். 22 பொருள்களில் 12 மட்டுமே எஞ்சின. கருக்காக்குறிச்சிப் பொன்னும் பியெத்ரோவாசாப் பொன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றன. மணத்தை அவ்வாறு பூட்டி வைத்தல் இயலாது. அதனைக் காப்பது கொடியும் சொல்லும் மட்டுமே.

நாடு கடத்தப்பட்ட கவிஞர்

கருக்காக்குறிச்சிக் காசுகளில் முகம் காட்டிய அகஸ்டஸ், கி.பி. 8இல் ஒரு கவிஞரை நாடு கடத்தினார். அவர் இலத்தீன் பெருங்கவிஞர் ஓவிட். அனுப்பப்பட்ட இடம் கருங்கடற்கரைத் தோமிஸ். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்சா. அங்கிருந்து அவர் எழுதிய துயரப் பாடல்களில் குளிரின் கொடுமையைச் சொல்லுமிடத்து, மது சாடியின் வடிவிலேயே உறைந்து நிற்கும் என்றும், அதனைப் பருகுவதில்லை, துண்டாக உண்பதே என்றும் கூறுகிறார். அந்நிலத்தில் திராட்சைக் கொடியே இல்லை என்றும் புலம்புகிறார். உறைந்த மதுவில் மணமில்லை. தாய்மொழி கேளாத ஊரில் பாட்டுக்குச் செவியில்லை. இரண்டும் அவருக்கு ஒரே துயரமாயின.

ஆயினும் அக்கவிஞர் அங்கே ஒரு செயல் செய்தார். அப்பகுதி மக்களாகிய கேத்தரின் மொழியைக் கற்று, அம்மொழியில் ஒரு பாட்டு இயற்றியதாகத் தம் மடலொன்றில் தெரிவிக்கிறார். அப்பாட்டு கிடைக்கவில்லை, அம்மொழியும் அழிந்தது. அவர் கி.பி. 17 அல்லது 18இல் திரும்ப வழியின்றி அங்கேயே மறைந்தார். கொடியே இல்லை என்று அவர் பழித்த அக்கடற்கரையை அடுத்த முர்ஃபட்லார் இன்று ருமேனியாவின் பெயர்பெற்ற திராட்சை நிலங்களுள் ஒன்று. அங்கே செய்யப்படும் இனிய மது ஒன்றுக்கு 'ஓவிடின் கண்ணீர்' என்று பெயர். இங்கும் அயலிலிருந்து வந்தவன் வீட்டாராகிவிட்டான்.

வெட்டப்பட்ட கொடி, வழக்கொழிந்த சொல்

அந்நிலத்துக்கு வேறொரு பழங்கதையும் உண்டு. ஓவிடுக்கு முந்திய தலைமுறையில் கேத்தரை ஆண்டவன் புரேபிஸ்டா. அவனுடைய குருவாகிய தெகேனியஸின் சொற்கேட்டு மக்கள் தம் திராட்சைக் கொடிகளை வெட்டி, மதுவின்றி வாழ உடன்பட்டனர் என்று நிலநூலாசிரியர் ஸ்டிராபோ எழுதுகிறார். மதுவிலக்கின் மிகப் பழைய செய்திகளுள் இஃது ஒன்று. தமிழர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறள் தமிழில் உள்ளது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மண் இது. குடியால் அழிந்த குடும்பங்களை அறியாத ஊர் தமிழகத்தில் இல்லை. ஆதலின் மதுவைப் புகழ்வது இவ்வுரையின் நோக்கமன்று.

ஆனால் சொல் வேறு, பொருள் வேறு. கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி என்று பழந்தமிழர் வழங்கிய சொற்கள் ஒரே பொருளுக்குரிய வெற்றுப் பெயர்கள் அல்ல. தெளிந்தது தேறல், வீட்டில் நெல்லால் சமைத்தது தோப்பி, நறவு என்பதிலோ நறுமையே பெயராகி நிற்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் விற்பனைக்குத் தடை உண்டு. அரசு நிறுவனக் கடைகளில் வேறு மது விற்கிறது. அக்கடை வாயிலில் வழங்கும் சொல் 'சரக்கு' என்ற ஒன்றே. தெளிவையும் மணத்தையும் செய்முறையையும் சுட்டிய ஆறு சொற்கள் இருந்த இடத்தில் எடையையும் விலையையும் சுட்டும் ஒரு சொல் அமர்ந்திருக்கிறது. குடி குறையவில்லை, சொல் குறைந்தது. இதனை இழப்பு என்று சொல்லக் கவிஞர்கள் தயங்க வேண்டியதில்லை.

இழப்பு மதுவின் பெயர்களோடு நிற்கவில்லை. நாற்றம் என்னும் சொல்லே சான்று. திருக்குறள் ஐம்புலன்களை எண்ணுமிடத்து நாற்றம் என்பது நுகர்புலன். நறுமணம் கமழ்வதையும் நாறுதல் என்றே பழம்புலவர் பாடினர். இன்று ஒரு மலரை நாறுகிறது என்றால் அது வசையாகும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படப் பெயர் சொல்லி வைத்தார். அவர் நட்புப் பூண்ட பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை இங்கிருந்து தொலைவிலில்லை. அம்மலர்களுட் பலவற்றை இன்று நூலில் படிக்கலாம். மோந்து பார்த்து இன்னதெனச் சொல்வோர் அரியர்.

ஒடுங்கிய மணம்

மஸ்கட் திராட்சையின் மணத்தைப் பற்றி அறிவியலார் கண்ட உண்மை ஒன்றைக் கூறி இவ்வுரையை முடித்தல் பொருந்தும். பழத்திலுள்ள மணப்பொருள்களுள் வெளிப்படக் கமழ்வது ஒரு பகுதியே. பெரும்பகுதி சருக்கரையோடு பிணைந்து கிடக்கும். பிணைப்பில் இருக்கும் வரை அதற்கு மணமே கிடையாது. எவ்வளவு கூர்மையான மூக்கும் அதனை அறியாது. புளிப்பும் நொதிகளும் காலமும் சேர்ந்து அப்பிணைப்பை மெல்ல அவிழ்க்கும்போதுதான் அது மணமாக வெளிவரும். பழத்தை ஒரே அழுத்தில் பிழிந்து எறிந்தால் அது தோலோடு போய்விடும். ஆகவே சாறும் தோலும் சில மணி நேரம் கூடி ஊறுமாறு விடுவர்.

சொல்லும் அத்தகையதே. பன்னீர் என்னும் சொல்லுக்குள் பனி ஒடுங்கிக் கிடக்கிறது. தேறலுக்குள் தெளிவு ஒடுங்கிக் கிடக்கிறது. அன்றாட வழக்கில் அவை மணப்பதில்லை. கவிஞர் ஒருவர் உரிய இடத்தில் வைத்துப் பொறுத்திருக்கும்போது அவிழ்கின்றன. கருங்கடல் நாட்டு உழவர் தம் ஆலயத்துப் புகையையும், கம்பத்து உழவர் தம் மணவீட்டுச் செம்பையும் கொண்டு ஒரு பழத்துக்குப் பெயர் வைத்தபோது அவர்கள் செய்தது கவிதைத் தொழிலே. அவர்கள் பெயர் ஏட்டில் இல்லை. வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்று இதிலிருந்து புலப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் மணத்தைக் குறிக்க இன்னும் வழங்கும் சொற்களை, அவற்றை ஆளும் முதியோர் இருக்கும்போதே தொகுத்தல் வேண்டும். முதல் மழை பெய்த செம்மண்ணின் மணத்துக்கும், இலுப்பைப் பூ உதிர்ந்த காலை மணத்துக்கும், புதுநெல் அவியும் மணத்துக்கும், முந்திரிக்கொட்டை சுடும் புகைக்கும் அவர்கள் வெவ்வேறு சொல் வைத்திருப்பர். அகராதியில் ஏறாத அச்சொற்கள் ஒரு தலைமுறையின் மூக்கோடு போய்விடக் கூடியவை. கொடித்துண்டை வெட்டி வேறொரு மண்ணில் நட்டவர் கைகளாலேயே ஒரு மணம் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது. சொல்லுக்கு அக்கைகள் கவிஞருடையவை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் காண்பதாகுக.